குடுமி தெரியாத பருந்து

மலையடிவாரத்து வனக்காவலர் மூன்று பேரில் சன்னாசிதான் கொஞ்சம் விவரமானவன் என்று மற்ற இருவரும் நம்பினார்கள். அவனும் அதை மறுத்ததில்லை.

மின்கம்பியில் அடிபட்ட ஒரு பருந்து அவர்கள் வசம் வந்தது. மாட்டு டாக்டர் அதன் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார். கண்ணும் அலகும் மட்டும் வெளியே தெரிந்தன. ரேஞ்சர் வெளியூர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்: "தெற்கத்திப் பருந்துக்குத் தலையில குடுமி இருக்கும், வடக்கத்திக்கு இருக்காது. குடுமி இருந்தா நம்ம மலையிலேயே விட்டுருங்க. இல்லேன்னா ரயில்ல வடக்கே அனுப்பணும். காயம் ஆறுற வரைக்கும் கட்டுல கை வைக்கக் கூடாது."

ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கை வைக்காமல் குடுமியைப் பார்ப்பது எப்படி என்று மூவரும் கூடி யோசித்தார்கள். சன்னாசிக்குப் பருந்தை வடக்கே அனுப்ப மனமில்லை. தினமும் எலி பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். ரயிலில் அதற்கு யார் எலி கொடுப்பார்கள்?

பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்த பவுன்ராசு, பாஷையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றான். கூண்டு முன்னால் நின்று இந்தியில் "ஆவோ" என்று கூப்பிட்டான். பருந்து திரும்பிப் பார்த்தது. சன்னாசிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவன் "வாய்யா" என்றான். அதற்கும் திரும்பியது.

"படிச்ச பருந்து" என்றான் மூன்றாமவன் ஒச்சப்பன்.

அடுத்து ஒரு தட்டில் சப்பாத்தி, ஒரு தட்டில் இட்லி. பருந்து இரண்டையும் தொடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, விரதமாக இருக்கும் என்று முடிவானது. அதை மதித்து மூவரும் பட்டினி கிடந்தார்கள். பருந்து மட்டும் அந்தப் பக்கமாகப் போன ஒரு பல்லியைத் தின்றது.

மறுநாள் காயம் ஆறி, பருந்தே கட்டைப் பிய்த்துப் போட்டது. உள்ளே குடுமி நெட்டுக்குத்தலாக நின்றது. சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டைத் திறந்துவிட்டான்.

பருந்து நேராக வடக்கே பறந்தது.

"குடுமி வச்சு ஏமாத்திருச்சு" என்றான் ஒச்சப்பன்.

அதற்குள் அது காற்றில் வட்டமடித்துத் தெற்கே திரும்பியது. தெற்கத்திதான் என்று சன்னாசி மூச்சுவிட்டான். மறுபடி வடக்கு. மறுபடி தெற்கு. அது சுற்றிச் சுற்றி உயர, இவர்களும் விடாமல் இனத்தை மாற்றி மாற்றிச் சொல்லிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்கள். கடைசியில் புள்ளியாகி மறைந்தது.

சாயங்காலம் திரும்பிய ரேஞ்சர், என்ன இனம் என்று கேட்டார்.

"ரெண்டுமில்லங்கய்யா" என்றான் சன்னாசி. "மேலத்தி."

மேற்கே, கேரளத்துப் பக்கத்து இனமாக்கும் என்று ரேஞ்சருக்கு ஆச்சரியம். நிச்சயமாகத் தெரியுமா என்றார்.

"கண்ணால பாத்தோம்ங்கய்யா, மேலதான் போச்சு. ஆனா எறங்குச்சுன்னா கீழத்தி ஆயிரும்."