செம்போத்துக்குக் காத்திருந்த தாசில்தார்

பஞ்சநதம் ஓய்வுபெற்ற தாசில்தார். வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்துநாலுதான். ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். வேறு வழியில்லை, குருவின் குடிலில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வந்த மூன்றாம் மாதமே பொறுமை போய்விட்டது.

"அம்மா, கடவுள் எனக்கு எப்ப காட்சி கொடுப்பார்? ஒரு தேதி சொன்னா நல்லா இருக்கும்."

குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கொல்லையில சோறு வைக்கிற வேலையை நீங்க பாருங்க ஐயா."

குடிலில் ஒரு வழக்கம். கொல்லையில் இலை போட்டு ஒரு பிடி சோறு வைப்பார்கள். ஏதாவது ஒரு பறவை வாய் வைத்ததும் மணி அடிக்க வேண்டும். அப்புறம்தான் பந்தி. அதுவரை நாற்பது பேரும் பட்டினி.

பஞ்சநதத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். சும்மாவா கொல்லைக்கு அனுப்புவார்கள்? கடவுள் அனுப்பும் செம்போத்துப் பறவை வரப்போகிறது! அது கண்ணில் பட்டாலே நல்ல சகுனம். சோற்றில் வாய் வைத்தால் கேட்கவா வேண்டும்?

ஒரு காகம் வந்தது.

"ச்சூ! போ!" தோளில் கிடந்த பச்சைத் துண்டை வீசினார்.

தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, சண்டை போட்டுக்கொண்டே வந்தன. துண்டு. ஒரு மைனா வந்தது. துண்டு. மறுபடி அதே காகம். மறுபடி அதே துண்டு.

மணி ஒன்றரை. சமையல்கட்டிலிருந்து பேச்சியம்மாள் கத்தினாள்.

"தாசில்தாரே! ரசம் ஆறிப்போச்சு. ஒரு காக்கா கூடவா வரல?"

"அதெல்லாம் நாலு தடவை வந்துச்சு. நான்தான் விடலை."

கரண்டியோடு பேச்சியம்மாள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற எல்லோரும்.

அதற்குள் பஞ்சநதத்துக்கே பசியில் கண் இருட்டியது. செம்போத்தாவது ஒன்றாவது! "கா... கா..." என்று கூப்பிட்டார். காகம் முருங்கை மரத்தில் உட்கார்ந்து துண்டையே பார்த்தது. இறங்கவில்லை. நாற்பது பேரும் சேர்ந்து "கா... கா..." என்றார்கள். அது இன்னும் ஒரு கிளை மேலே போனது.

குரு வந்தார். பஞ்சநதத்தின் தோளிலிருந்து துண்டை உருவினார். நாலாக மடித்தார். கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

காகம் இறங்கி ஒரு பருக்கையைக் கொத்தியது.

பஞ்சநதம் அடித்த அடியில் மணியின் நாக்கு கழன்று விழுந்தது.

பந்தியில் மூன்றாம் கை சோறு உள்ளே போனதும் அவருக்குத் தைரியம் வந்தது.

"அம்மா, காலையில நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே?"

குரு வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"நாலு தடவை வந்தாராமே ஐயா. நீங்கதான் விடலைன்னு பேச்சி சொல்றா."