கொம்பு எந்தப் பக்கம்?

கொம்பு உண்டு, மாடு இல்லை. கோடு உண்டு, அணில் இல்லை. மண்ணுக்குள் போகும், பிணம் இல்லை. அது என்ன?

யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள். இதற்கு விடை தெரியாமல் ஒரு நாட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

முன்னொரு காலத்தில் ஆவிரைநாட்டைத் திண்மாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பிறகு வரும். அவன் வெளியே கிளம்பினால், போகும் பாதையை மூன்று நாள் முன்பே கூட்டிப் பெருக்கி, பூச்சி பொட்டு இல்லாமல் செய்துவிடுவார்கள். அதனால் அவனும் அவன் அவையாரும் எறும்பைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த ஆடி மாதம் ஏழு வயது இளவரசன் காய்ச்சலில் இறந்துபோனான். அரச குலத்தில் யார் இறந்தாலும் காரணத்தை வைத்தியர் அவையில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அரண்மனை வைத்தியர் பசுபதிப் பண்டிதருக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. சொன்னால் அமைச்சர் கொற்றனார் முன் தலைகுனிய வேண்டுமே! அந்த வேளையில் இளவரசன் விளையாடிய எள்ளுக்காட்டுப் பக்கம் சேவகர்கள் ஒரு புழுவைக் கண்டார்கள். பெருவிரல் பருமன், நடுவிரலைவிட நீளம், பச்சை உடம்பில் மஞ்சள் கோடுகள், ஒரு முனையில் வளைந்த கொம்பு.

"நாககீடம்!" என்றார் பண்டிதர். "கொம்பு பட்டால் ஒரு நாழிகையில் உயிர் போகும். பகையரசர் பணம் கொடுத்து இங்கே வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்."

அரண்மனை வாசலில் கழுமரங்கள் நட்டார்கள். முதல் நாள் எள் விதைத்தவர்கள் இருவரை ஏற்றினார்கள். மறுநாள் எள் விதைத்த இன்னொருவரான பூவாண்டியின் முறை.

பூவாண்டியின் மகள் வேம்பாயிக்கு ஒன்பது வயது. அவையில் கட்டுண்டு நின்ற அப்பாவுக்குக் கடைசிச் சோறு கொடுக்க அவளை அவைக்குள் விட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு மரங்களை அவள் பார்க்காமல் தாண்டிவந்தாள். மூன்றாவது மரம் புதிதாகச் சீவியிருந்தது. அதன் பச்சை வாசனை உள்ளே வந்த பிறகும் அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அவை நடுவே செப்புத் தட்டில் புழு கிடந்தது. பண்டிதர் இடுக்கியால் ஓர் இலையைக் கொம்பருகே நீட்டினார்.

"பாருங்கள் மன்னா! நேற்றிலிருந்து ஊட்டுகிறேன், இலையைத் தொடவில்லை. இதற்கு வேண்டியது மனித உயிர்."

"அது வாய் இல்லீங்க" என்றாள் வேம்பாயி.

அவை திரும்பியது. அவள் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"யாரடி நீ? வாயை மூடு!" என்றார் பண்டிதர்.

"மூடச் சொல்லாதீர், பண்டிதரே. இங்கே வாய் எது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது" என்றார் கொற்றனார். "சொல்லம்மா, இது என்ன?"

"எள்ளுக் கொம்புப் புழு, சாமி. எங்க காட்டுல வருசா வருசம் வரும். இது நல்லாத் தின்னு பெருத்திருக்கு. இனி மண்ணுக்குள்ள போயி, றெக்கையோட வெளிய வரும். கொம்பு இருக்கிறது பின்பக்கம். பண்டிதர் ஐயா நேத்துலருந்து அதோட பிட்டத்துக்குச் சோறு ஊட்டுறாரு."

யாரோ சிரித்தார்கள். அரசன் சிரிக்கவில்லை.

"கொம்பில் நஞ்சு இல்லையா?"

"இல்லீங்க ராசா."

"பொய்! அப்பனைக் காப்பாற்றச் சொல்கிறாள்!" என்று கத்தினார் பண்டிதர்.

வேம்பாயி புழுவை எடுத்தாள். கொம்பைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"ஒரு நாழிகைன்னு சொன்னீங்களே. பார்த்துக்கங்க."

அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டார்கள். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடியிருந்தார். வட்டில் சொட்டுச் சொட்டாக நிறைந்து, 'களுக்'கென்று மூழ்கியது. வேம்பாயி ஓர் எள்ளிலையைக் கேட்டு வாங்கி மறுமுனையில் வைத்தாள். 'கறுக் கறுக்'கென்று புழு கடிக்கும் சத்தம் அரியணைவரை கேட்டது.

"பண்டிதரே, புழுவின் தலை எதுவென்று உமக்குத் தெரியவில்லை. என் பிள்ளையின் நோய் தெரிந்ததா?" என்றான் அரசன்.

பண்டிதர் மண்டியிட்டார். "தெரியவில்லை, மன்னா."

"இதை முந்தாநாளே சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே" என்றார் கொற்றனார். பிறகு அரசன் பக்கம் திரும்பினார். "முந்தாநாள் நாமும் கேட்கவில்லை. வாசலில் இருக்கும் இருவருக்கு என்ன சொல்லப்போகிறோம், மன்னா?"

அரசன் முகம் சிவக்க எழுந்தான்.

"பூவாண்டியை அவிழ்த்துவிடுங்கள். மூன்றாவது மரத்தில் இந்தப் பண்டிதனை ஏற்றுங்கள்! பெண்ணே, நீ கேட்டதைக் கொடுப்பேன். இது என் வாக்கு. பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா? இவன் சாவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா?"

பண்டிதர் அவளைப் பார்த்தார். பூவாண்டி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

வேம்பாயி மூன்று கழுமரங்களையும் கேட்டாள். "புடுங்கி எரிச்சுடணும் ராசா, இனி யாரையும் ஏத்த மரமே இருக்கக் கூடாது."