மாசாத்தி ஊற்றாத குடம்

கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம். கோவேள் என்னும் சிற்றரசன் பட்டத்துக்கு வந்த ஏழாம் ஆண்டு, மாசித் திங்கள் பதினான்காம் நாள், புதன்கிழமை. அன்று காலையில் பனி மூடியிருந்தது. உச்சிவேளையில் வெயில் சுட்டது. மாலையில் ஓர் இலையும் அசையவில்லை.

முந்திய ஐப்பசியில் வந்த பெருவெள்ளம் அந்நாட்டுக் கத்தரிச் செடிகள் அனைத்தையும் வேரோடு கொண்டுபோயிருந்தது. ஒரு கைப்பிடி விதை மட்டுமே எஞ்சியது. அதுவும் முளைக்காமல் போனால் அந்நாட்டில் இனிக் கத்தரி இல்லை.

அந்தப் புதன்கிழமையன்று அரண்மனை முற்றத்தில் பனந்தடிகளை அடுக்கி, நடுவே மண்ணும் எருவும் நிரப்பி, இரண்டு மேட்டுப்பாத்திகள் அமைத்து, அந்த விதையைப் பாதிப்பாதியாக விதைத்தார்கள். மேற்குப் பாத்தியைத் தோட்டக் கண்காணியாகிய பெருங்கிழான் ஏற்றான்; அவனுக்கு ஏவலர் மூவர். கிழக்குப் பாத்தி மாசாத்திக்கு. அவள் முப்பது ஆண்டுகளாக அங்கே நீர் சுமப்பவள். அவளுக்கு ஏவலர் எவரும் இல்லை.

அரசன் ஓலையில் ஆணை எழுதினான்: “நாள்தோறும் மும்முறை நீர் விடுக.”

பெருங்கிழான் காலையில் ஊற்றுவித்தான், நண்பகலில் ஊற்றுவித்தான், மாலையில் ஊற்றுவித்தான்.

மாசாத்தியும் மும்முறை குளத்துக்குச் சென்றாள். மும்முறை குடத்தை நிறைத்தாள். மும்முறை எண்பது படிகள் ஏறினாள். ஏறியதும் பாத்தி மண்ணில் விரலை நுழைத்துப் பார்ப்பாள். மண் உலர்ந்திருந்தால், பாத்தியின்மேல் பரப்பியிருந்த வைக்கோல்மேல் மெல்லத் தெளிப்பாள். ஈரம் இருந்தால் நிறைகுடத்தோடு படியிறங்கி, கோடைக்கு வேண்டிய நீர் என்று அதனைக் குளத்திலேயே சேர்ப்பாள். பெரும்பாலும் ஈரம் இருந்தது. அவள் இடுப்பு தேய்ந்தது, தோள் காய்த்தது, உறக்கமும் பிடிக்கவில்லை.

“என்னடி மாசாத்தி,” என்று பெருங்கிழான் சிரித்தான், “குடத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாயா? சாய்த்து ஊற்றக்கூட உனக்குச் சோம்பலா?”

“சோம்பல் இல்லை, ஐயா. களைப்பு.”

“இரண்டும் ஒன்றுதான்.”

“அப்படியானால் இந்தக் குடத்தை ஒருமுறை கீழே கொண்டுபோய் வையுங்கள், வேறுபாடு தெரியும்.”

ஏவலர் மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தனர். பெருங்கிழான் அதை மறக்கவில்லை.

எட்டாம் நாள் இரு பாத்திகளிலும் முளை வந்தது. மேற்குப் பாத்தியே அடர்ந்து பசுமையாக இருந்தது. பதின்மூன்றாம் நாள் அங்கே மண்ணின்மேல் பாசி படர்ந்தது. பதினைந்தாம் நாள் காலை, தண்டின் அடி நூலாய் மெலிந்து, நாற்றுகள் அனைத்தும் சாய்ந்து கிடந்தன.

பெருங்கிழான் ஓடிப்போய் அரசனை முற்றத்துக்கு அழைத்துவந்தான். “அரசே, இவள் தங்கள் ஆணையை மீறினாள். அக்குற்றமே என் பாத்தியைப் பிடித்தது. இவளைத் துரத்திவிட்டு, எஞ்சிய பாத்திக்கேனும் இப்போதே மூன்று குடம் ஊற்றச் சொல்லுங்கள்!”

ஏவலர் குடங்களைத் தூக்கினர். மாசாத்தி பனந்தடியின்மேல் உட்கார்ந்து பாத்தியை மறைத்துக்கொண்டாள். அரசன் முன்னிலையில் நிற்கவும் அவளுக்கு வலுவில்லை.

“ஆணையை மீறினாயா?” என்றான் அரசன்.

“இல்லை, அரசே. ‘நீர் விடுக’ என்று எழுதினீர்கள். விடுதல் என்றால் ஊற்றுதல். விடுதல் என்றால் வேண்டாமென்று நிறுத்துதலும் ஆகும். நாள்தோறும் மும்முறை நீரோடு வந்தேன். மண் கேட்டபோது நீரை ஊற்றிவிட்டேன். கேளாதபோது ஊற்றாமல் விட்டுவிட்டேன். ஒருமுறையும் தவறவில்லை.”

“எப்பொருள் எப்போது என்று உனக்கு யார் சொன்னது?”

“விரலை விட்டுப் பாருங்கள், அரசே. என்னால் பேச முடியவில்லை.”

அரசன் மேற்குப் பாத்தியில் விரலை நுழைத்தான். சேறு ஒட்டியது, அழுகல் நாறியது. கிழக்குப் பாத்தியில் நுழைத்தான். மண் குளிர்ந்து உதிரியாக இருந்தது. சிறு நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. அவன் கையை உதறிக்கொண்டு, “குடங்களைக் கீழே வையுங்கள்,” என்றான்.

பின்னர் நடந்தது இது. அரசன் பழைய ஓலையைக் கிழித்து, “மண்ணைத் தொட்டுப் பார்த்தபின் நீர் ஊற்றுக” என்று புதிதாக எழுதினான். கிழக்குப் பாத்தியில் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்றுகள் பிழைத்தன. ஆடியில் அவற்றின் விதை வீட்டுக்கு வீடு சென்றது. பெருங்கிழான் கண்காணியாகவே இருந்தான். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டதற்கு, மூன்று நாள் உறங்க வேண்டும் என்றாள் மாசாத்தி. உறங்கினாள். நான்காம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

போதும் என்று நிறுத்தத் தெரியாத அக்கறை, தான் காக்க வந்ததையே அழித்துவிடும்.