சூடு என்று கூவியவன்

"அந்தக் குணசீலனைச் சமையற்கட்டுலேர்ந்து எடுத்துடுங்கம்மா," என்றார் அம்பலவாணர்.

மடத்துச் சமையலுக்கு அவர்தான் தலைவர். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவான அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தும் அம்மாவின் முன்னால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்று முழங்கை வரை வேர்த்தது.

"என்ன பண்ணினான்?"

"கொதிக்கிற கஞ்சியைத் தூக்கிட்டு வர்றவன் குரல் கொடுக்கணும். முன்னால நிக்கிறவன் விலகணும். அதுதானே நம்ம வழக்கம்? இவன் வாயே திறக்காம வந்து என் மேல மோதிட்டான்."

"உங்களுக்குக் காயமா?"

"எனக்கில்லம்மா. அவன் காலுதான் வெந்துபோச்சு."

"அவன் என்ன சொல்றான்?"

"'சூடு, சூடு'ன்னு மூணு தடவை கூவினானாம். பொய்."

கடைசிச் சொல்லைத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மா எழுந்து அவருக்குப் பின்னால் போனார்.

அம்பலவாணர் காத்திருந்தார். பதில் வரவில்லை. கோபமா? யோசனையா? குணசீலன் முன்பே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டானா?

பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

எவ்வளவு நேரமாகப் பேசுகிறாரோ.

அம்மா முன்னால் வந்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது; உதடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"ரெண்டு வருஷமாச்சும்மா," என்றார் அம்பலவாணர். "இடது காது சுத்தமா போச்சு. வலது காதும் பாதிதான். அந்தப் பையன் கூவியிருப்பான். நான்தான்..."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

அம்மா ஜன்னலைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அம்மா தன் ஆசனத்தை இருட்டு மூலையிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டார். காற்றுக்காக என்று இவர் நினைத்திருந்தார்.

"அப்பவே என்னைப் போகச் சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? சோறு ஒருநாளும் குழையலையே. ஆனா நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். அது என் தப்பு. நானே கேட்டிருந்தா அவன் கால் வெந்திருக்காது."

"இப்ப அனுப்பிடுவீங்களா?"

"அனுப்பத்தான் போறேன்."

அம்பலவாணர் முப்பது வருஷமாக இந்த மடத்து அடுப்பைத் தவிர வேறொன்றும் அறியாதவர்.

"முதல்ல குணசீலன்கிட்ட போங்க. அப்புறம் கீழவீதிக்குப் போங்க. போன மாசம் வேலை கேட்டு ஒரு பொண்ணு வந்தாளே, கயல்விழி?"

வந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள். 'சமையற்கட்டுக்குக் காது வேணும்பா, கூட்டிட்டுப் போ' என்று கூடவந்த அவள் அண்ணனிடம் சொல்லி அனுப்பியவர் இவரேதான். அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

"பன்னெண்டு வருஷமா கல்யாணச் சமையல் செய்றவ," என்றார் அம்மா. "அவ மேல யாரும் கஞ்சியைக் கொட்டினதில்ல. அவளும் யார் மேலயும் கொட்டினதில்ல. அது எப்படின்னு நம்ம அடுப்படியில ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"என் இடத்துக்கு அவளா?"

"உங்க பக்கத்துக்கு."

அம்பலவாணர் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"அன்னிக்கு அப்படி விரட்டிட்டேனே. இப்ப எந்த முகத்தோட போய், அவ அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?"

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்தார். கூடத்தின் முழு நீளத்தையும் நடந்து வந்து, அவருக்கு நேரெதிரே, முகம் தெரியும்படி நின்றார்.

"அண்ணன்கிட்ட எதுக்கு?"