முக்காலிக்காரரின் முகமூடி

சோக்வே நாட்டில் முகமூடிகளை யாரும் செய்வதில்லை. அவை மண்ணுக்கடியிலிருந்து தாமாகவே எழுந்து வருகின்றன. இறந்துபோன முன்னோர்கள் அந்த வடிவில் ஊருக்குள் வந்து, ஆடிவிட்டுப் போகிறார்கள். பெண்களிடம் இப்படித்தான் சொல்லப்படுகிறது. பெண்களும் அப்படியா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

யாரும் செய்யாத அந்த முகமூடிகளைச் செய்வதற்கு ஊருக்கு வெளியே, புதர்களின் நடுவில், ஒரு குடிசை இருந்தது. அங்கே கம்வாங்கா என்ற ஆசானும் சிங்குலி என்ற சீடரும் இருந்தார்கள். இருவரில் சீடர்தான் மூத்தவர். பாதி வாழ்க்கையை முக்காலி செய்து கழித்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு முகம் செதுக்கக் கற்க வந்தவர். ஆகவே ஆசான் சீடரை "அண்ணே" என்றார். சீடர் அவரை "ஆசானே" என்றார். இருவருக்குமே இதில் கொஞ்சம் கூச்சம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

சிங்குலி தம் முதல் ப்வோவைச் செதுக்க உட்கார்ந்தார். ப்வோ என்றால் பெண் முகமூடி, குலத்துக்கே தாய். அந்தத் தாயை யாரும் நேரில் கண்டதில்லை என்பதால், செதுக்குகிறவர் ஊரில் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்துகொண்டு, அவளுக்குத் தெரியாமல் தள்ளி நின்று பார்த்துப் பார்த்து, அவள் முகத்தை மரத்தில் கொண்டுவருவது வழக்கம்.

"யாருடைய முகம், அண்ணே?" என்று கேட்டார் கம்வாங்கா.

"நாகயோம்போ."

"அவளைவிட அழகிகள் ஊரில் இருக்கிறார்களே."

"இருந்துவிட்டுப் போகட்டும்."

காரணம் ஆசானுக்கும் தெரியும். சிங்குலியின் மனைவி மகனைப் பெற்ற கையோடு இறந்துபோனாள். பிள்ளை வீறிட்டு அழுதது. பக்கத்து வீட்டு நாகயோம்போ வந்தாள், ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போனாள், தன் கைக்குழந்தைக்கு ஒரு பக்கமும் இவனுக்கு ஒரு பக்கமுமாகப் பாலூட்டினாள். அந்தப் பையன் இப்போது, பையன்கள் ஆண்களாகும் சடங்குக்காக, மற்றப் பையன்களோடு காட்டு முகாமில் இருக்கிறான். அவர்கள் ஆண்களாகி ஊர் திரும்பும் நாளில் இந்த ப்வோ ஆட வேண்டும்.

நன்றி சொல்ல சிங்குலி ஒருமுறை முயன்றிருக்கிறார். நல்ல முக்காலியாக ஒன்று செய்து நாகயோம்போவுக்குக் கொடுத்தார். அதில் அவள் புருஷன் உட்கார்ந்தான். இன்றுவரை அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். மனைவியை இழந்தவன் இன்னொருவன் மனைவிக்கு மேற்கொண்டு எதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்? ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்த முகமூடிதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி.

முகம் நன்றாகவே வந்தது. பாதி மூடிய கண்கள், அவற்றின் கீழே கண்ணீர்க் கோடுகள், நெற்றியில் சிலுவைக் குறி. எல்லா ப்வோவுக்கும் உள்ளவைதான். உதடுகள் மட்டும் வேறு. யாரையோ திட்ட வாயெடுத்து, சரி போகட்டும் என்று விட்டுவிட்டவளின் உதடுகள்.

கம்வாங்கா முகமூடியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். இடது காதுக்குக் கீழே விரல் நின்றது.

"இது என்ன, அண்ணே?"

"அலங்காரம்."

"மூன்று வளைவு, நடுவில் ஒரு புள்ளி. உங்கள் முக்காலிகளின் காலிலும் இதே அலங்காரம்தான்."

சிங்குலி மடியிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"பெண்கள் உங்கள் முக்காலியில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கிறவர்கள். பார்த்த மாத்திரத்தில், இது சிங்குலி செய்தது என்பார்கள். அப்புறம் ஆடுவது குலத்தாய் இல்லை. மரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஆட்டக்காரன் முசோலே ஆடுகிறான், அவ்வளவுதான்."

"எல்லாரும் பார்க்க வேண்டாம். அவள் ஒருத்தி பார்த்தால் போதும்."

"அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி செதுக்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"ஆசானே, இது என் நன்றி. யார் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவள் எப்படி வாங்கிக்கொள்வாள்?"

கம்வாங்கா முகமூடியைச் சீடரின் மடியில் வைத்தார். கத்தியை அதன் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது காதுக்குக் கீழே வழவழவென்று இருந்தது. தரையில் சின்னஞ்சிறு சீவல்கள் கிடந்தன. கம்வாங்கா செம்மண்ணையும் எண்ணெயையும் குழைத்து, அந்த இடத்தில் தம் கையாலேயே பூசினார்.

பிறகு ஆட்டக்காரன் முசோலே வந்தான். பெண் கேட்டு வந்தவனைப்போல ஒரு செப்பு வளையத்தைச் சிங்குலியிடம் கொடுத்து, முகமூடியை வாங்கிப் போனான். இதுவும் வழக்கம்தான். சிங்குலி அன்று மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பனைப்போலச் சரியாகச் சாப்பிடவில்லை.

பையன்கள் திரும்பிய நாளில் முரசு அதிர்ந்தது. ப்வோ சின்னச் சின்ன அடி வைத்து, இடுப்பை அசைத்து, களத்துக்குள் வந்தது. பெண்கள் வட்டமாக நெருங்கினார்கள்.

"அடியே நாகயோம்போ! இது உன் வாய்!"

"என் வாயா? நான் எப்போதடி இப்படி இருந்தேன்?"

"எப்போது இல்லை?"

"அதே வாய்தான்," என்றான் அவள் புருஷன். "தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்."

சிரிப்பு வெடித்தது. நாகயோம்போ துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மெல்ல விலக்கிப் பார்த்தாள். பிறகு களத்துக்குள் ஓடி, தன் முகத்துக்கு எதிரே நின்று ஆடினாள். கழுத்து மணிமாலையைக் கழற்றி ப்வோவின் கையில் வைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என் முகத்தோடு வந்தாயே, தாயே! இது போதும் எனக்கு!"

முசோலே அழகாகத் தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டான்.

சிங்குலி ஆண்களோடு நின்றார், எதுவுமே அறியாதவர் முகத்தை வைத்துக்கொண்டு. ஆடிக் களைத்த நாகயோம்போ அவர் பக்கமாக வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"சிங்குலி அண்ணே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன், தாயி."

"நீங்களும்தான் ஆயுசு முழுக்க மரத்தைச் செதுக்குகிறீர்கள். இப்படி ஒரு முகம் உங்களுக்கு வருமா?"

"எங்கே வரும்? எனக்கு முக்காலிதான்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். சிங்குலியின் மகனையும் தன் மகனையும் இரண்டு கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்போது சிங்குலி குடிசைக்கு வந்தார். கம்வாங்கா அடுத்த மரத்துக்குப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவள் அழுதாள், ஆசானே. சந்தோஷத்தில் அழுதாள்."

"பார்த்தேன்."

"ஆனால் மாலை முசோலேவுக்குப் போய்விட்டது. 'போதும் எனக்கு' என்று அவள் சொன்னதும் அவனிடம். நான் ஒரு ஓரத்தில், முக்காலிக்காரனாக நின்றேன். அதுவாவது பரவாயில்லை. இப்படி ஒரு முகம் உங்களுக்கு வருமா என்று என்னையே கேட்கிறாள்!"

கம்வாங்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, உங்கள் பையன் முதன்முதலில் யாரைப் பார்த்துச் சிரித்தான்?"

சிங்குலியின் முகம் மலர்ந்தது. "என்னைப் பார்த்துத்தான்! நாகயோம்போ பாலூட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். வயிறு நிறைந்திருந்தது. ஒரு ஏப்பம் விட்டான். என்னைப் பார்த்தான். பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்பு! நான் கூச்சல் போட்டு ஊரையே கூப்பிட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். அப்பனை அடையாளம் கண்டுகொண்டான் என்றார்கள்."

"நாகயோம்போ?"

"வாசலில் நின்றாள்."

"என்ன சொன்னாள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. மேல்துணியெல்லாம் பாலில் நனைந்திருந்தது. அவளும் சிரித்துக்கொண்டு..."

சிங்குலி அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

கம்வாங்கா பட்டை உரிப்பதை விட்டு நிமிர்ந்தார்.

"அப்படியானால் அன்றைக்கு முகமூடிக்குள் நின்று மாலை வாங்கிக்கொண்டது நீங்கள்தான், அண்ணே."