நல்ல பாம்புக்கு ‘நல்ல’ எப்படி வந்துச்சு

பாம்பும் தவளையும் பேசிப் பழகிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, எந்தப் பாம்புக்கு விஷம்னு யாருக்கும் தெரியாது. ஒரு குளத்தங்கரைப் புத்துல நாகனும் அவன் பொண்டாட்டி சாரையும் குடியிருந்தாங்க.

வெளியில நாகன் தங்கக் கம்பி. தவளையைப் பார்த்தா, “என்ன மாமா, முட்டிவலி தேவலையா?” எலியைப் பார்த்தா, “இளைச்சுட்டியே தங்கச்சி.” ஆளுக்கொரு குரல், ஆளுக்கொரு சிரிப்பு. புத்துக்குள்ள வந்துட்டா பொண்டாட்டியைச் சட்டையே பண்ண மாட்டான். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: “கரையில என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?”

சாரை ஒருதடவை தவளைகிட்ட சொல்லி அழுதா. “அவரா? தங்கமான மனுஷனாச்சே. நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்”னுட்டார் தவளை.

ஒருநாள் மத்தியானம் குளத்துக்குப் போனவ சீக்கிரமே திரும்பிட்டா. புத்துக்குள்ள அழுகைச் சத்தம். எட்டிப் பார்த்தா, கொட்டாங்கச்சித் தண்ணியில மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நாகன் ஒப்பாரி வைக்கிறான்.

“அடி சாரை... என்னை விட்டுட்டுப் போயிட்டியேடி...” சட்டுனு நிறுத்தினான். “ம்ஹூம். ‘போயிட்டியே’ல குரல் உடையணும்.” மறுபடியும் அழுதான். உடைஞ்சுது. “ஆங். தவளை மாமா கட்டிப் பிடிப்பாரு, அப்ப ரெண்டு விம்மல். ஜாஸ்தி வேணாம், மூஞ்சி வீங்கிரும்.”

சாரை தன் வாலைத் தானே கடிச்சுப் பார்த்தா. வலிச்சுது. உசுரோடதான் இருக்கா.

“பல்லுல ஒரு சொட்டு போதும். அந்திக்குள்ள அவளை முடிச்சிரணும். இருட்டிட்டா அழுகையைப் பார்க்க யார் வருவா?”ன்னுட்டு, நாகன் கல்லுல மூக்கைத் தேய்ச்சான். அழுத மூஞ்சி கண்ணோட சேர்ந்து உரிஞ்சு வந்துச்சு. உள்ள இருந்த மூஞ்சியில சோகமும் இல்ல, கோபமும் இல்ல. மூடக்கூட இமை இல்ல.

 சாரை பாய்ஞ்சு அந்த உரிஞ்ச சட்டையைக் கவ்வினா. கவ்வினவ கரைக்கு ஓடினா.

“பாருங்க மாமா, நீங்க பார்க்குற மூஞ்சி இதுதான். நான் சாகுறதுக்கு முன்னாடியே அழுது பழகுறாரு.”

தவளை அந்த மூஞ்சியை உத்துப் பார்த்தார். “எப்படி உருகியிருக்கார் பாரு. உன்மேல எவ்வளவு பாசம்மா அவருக்கு.”



அதுக்குள்ள வெறும் மூஞ்சியோட ஒண்ணு வந்து நின்னு படம் விரிச்சுது.

“யாருப்பா நீ?”ன்னார் தவளை.

“நான்தான். என்னைப் பத்தி என்ன சொன்னா?”

அந்தக் குரலை யாரும் கேட்டதே இல்ல. தவளை ரெண்டடி பின்னால நகர்ந்தார். “நல்ல... நல்ல பாம்புன்னு...”

“திருப்பிச் சொல்லு.”

“நல்ல பாம்பு.”

படம் மெல்ல மடங்குச்சு. அந்தச் சொல்லு அவ்வளவு ருசி. எலிகிட்ட போனான், “நீ சொல்லு.” நண்டுகிட்ட போனான், “நீயும் சொல்லு.” கரை முழுக்க ஒவ்வொருத்தர் வாயிலயும் அவன் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சாரை ஏழு வயல் தாண்டிட்டா.

அன்னையிலேருந்துதான் சாரைப்பாம்பு ஆளரவம் கேட்டாலே பறக்குது, நாகன் அப்பப்போ பழைய மூஞ்சியை உரிச்சுப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கிறான். அவன்கிட்ட கடிவாங்கினவனும், வாயில நுரை தள்ளும்போதுகூட, “நல்ல பாம்பு கடிச்சிருச்சு”ன்னுதான் சொல்றான்.