தேவலோக மகுடம்

நெடுங்கானல் என்று ஒரு ராஜ்யம். அதை ஆண்ட சித்திரவாகு மகாராஜாவுக்கு யுத்தம் பிடிக்காது, வேட்டை பிடிக்காது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் பொய்ப்பொருள் ஆட்டம் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டம் இதுதான். யாருக்குமே தெரியாத ஒரு சொல்லை நிகண்டுச் சுவடியிலிருந்து ராஜா எடுப்பார். சபையில் ஆளுக்கு ஓர் ஓலையில் அதற்குப் பொய்யாக ஒரு பொருள் எழுதித் தருவார்கள். நிஜப் பொருளையும் கூடக் கலந்து ராஜா எல்லாவற்றையும் வாசிப்பார். எவருடைய பொய்யை நிறையப் பேர் நிஜமென்று நம்புகிறார்களோ, அன்றைக்குப் பூமாலை அவருக்கு.

இதில் தினமும் மாலை வாங்கியவர் பெரும்புலவர் அகோரமூர்த்தி. நிகண்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். அதனால் நிஜம் எது என்று அவருக்கு முன்பே தெரியும். அதோடு, "இதுதான் நிஜப் பொருள்" என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் ஒரு பொய்யைச் சொன்னால் அத்தனை பேரும் நம்பிவிடுவார்கள். அவருக்குப் பின்னால் நான்கு சின்னப் புலவர்கள் வேறு. அவர்கள் வேலை தலையாட்டுவது. கழுத்து வலித்தால் முறை வைத்து ஆட்டுவார்கள்.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துத் தருகிறவள் பொன்னுருவி. ஊர்ப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவள். பழைய ராஜா காலத்துப் போரில் கால் போன புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அவள் கொண்டுபோகும் நெல்லைத்தான் நம்பியிருந்தார்கள். ராஜா ஒருநாள், "நீயும் ஆடேன்" என்றார். ஆடினாள். அடுத்தடுத்து இரண்டு நாள் மாலை அவள் கழுத்துக்குப் போய்விட்டது!

புலவருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா! வெற்றிலைக் காம்பு கிள்ளுகிறவளோடு நான் சரிக்குச் சரி உட்காருவதா? எனக்குத் தெரியாத ஒரு சொல், ஒரே ஒரு சொல், இவள் சொல்லட்டும். நான் பொருள் சொல்லாவிட்டால் இனி இந்த ஆட்டத்துக்கே வரமாட்டேன். சொல்லிவிட்டால் இவள் இன்றைக்கே அரண்மனையை விட்டுப் போக வேண்டும்."

ராஜா பொன்னுருவியைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் முகம் வாடவில்லை.

"சரிங்க மகாராஜா. புலவர் ஐயா சொல்வது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? அந்தச் சொல் குறிக்கிற சாமானையே கொண்டுவந்து காட்டினால் ஒத்துக்கொள்வீர்களா?"

"ஒத்துக்கொண்டோம். சொல்லைச் சொல்."

"பிரிமணை."

புலவரின் கண் ஒரு கணம் உருண்டது. நிகண்டில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'ஓகோ, இவளே இட்டுக்கட்டியிருக்கிறாள். நான் என்ன சொன்னாலும் மறுக்க ஆளில்லை' என்று நினைத்தார். தொண்டையைச் செருமினார்.

"பிறவித் துன்பத்தைப் பிரிந்தவர் தலையையே மணையாகக் கொண்டு அமர்வது எதுவோ, அது பிரிமணை. அதாவது மகுடம். தேவலோகத்தில் மகாபண்டிதர்களுக்கு இந்திரன் தன் கையால் சூட்டுவது."

"ஆம் ஆம்" என்றார்கள் நால்வரும். "நாங்களே வாசித்திருக்கிறோம். அந்த ஓலையைத்தான் செல் அரித்துவிட்டது" என்றார் ஒருவர்.

வாசலில் நின்ற தண்ணீர்க்காரிகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

பொன்னுருவி பவ்வியமாகக் கேட்டாள். "ஐயா, அது வட்டமாக இருக்குமோ?"

"மகுடம் பின்னே சதுரமாகவா இருக்கும்? வட்டமே."

"என்ன நிறம்?"

"பொன்னிறம், பெண்ணே, பொன்னிறம்!"

"யார் தலையில் வைக்கலாம்?"

"இந்த ராஜ்யத்திலா?" புலவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னைத் தவிர வேறு தலை தெரியவில்லையே!"

"மகாராஜா, வட்டம் சரி, பொன்னிறமும் சரி. நம் அரண்மனையிலேயே ஒன்று இருக்கிறது. கொண்டுவரட்டுமா?"

ராஜாவுக்கே ஆச்சரியம். "நமக்குத் தெரியாமல் ஒரு மகுடமா? கொண்டுவா!"

போனாள். வெள்ளித் தட்டில், பட்டுத்துணி மூடி எடுத்து வந்தாள். புலவர் தலைப்பாகையைக் கழற்றினார். கண்ணை மூடினார். கையைக் கூப்பினார். அவள் துணியோடு சேர்த்து அதை அவர் தலையில் வைத்துவிட்டு, துணியை மட்டும் மெதுவாக உருவினாள்.

வைக்கோலைப் பிரியாகத் திரித்துச் சுற்றிய ஒரு வளையம். உள்பக்கமெல்லாம் அடுப்புக் கரி. புலவரின் நெற்றியில் விபூதிக்கு மேல் கரி இறங்கியது. அவரோ ஆனந்தத்தில் கண்ணைத் திறக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள் சமையல்காரி முக்காயி.

"அடி பொன்னுருவி! பிரிமணையை எங்கேடி தூக்கிட்டு வந்தே? சோத்துப் பானையை அடுப்பிலேருந்து இறக்கியாச்சு. தரையில வச்சா உருளுது. இடுப்புலயாடி வச்சுக்குவேன்?"

அப்போதுதான் அவள் புலவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஏன் சாமி, உங்களுக்குத் தலை உருளுதா?"

ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் கிறீச்சிட்டது. நான்கு தலையாட்டிகளும் முதல் தடவையாக ஆடாமல் இருந்தார்கள். புலவர் கண்ணைத் திறந்து, நெற்றியைத் தடவி, விரலைப் பார்த்தார்.

பொன்னுருவிக்கு ராஜா பத்துக் காணி நன்செய் எழுதிக் கொடுத்தார். வேலையும் அப்படியே நிலைத்தது.

"புலவரே, ஆட்டத்திலிருந்து நீர் போகலாம். போகுமுன் நிகண்டில் விட்டுப்போன சொல்லைச் சேர்த்துவிட்டுப் போம். நாம் சொல்கிறபடி எழுதும்."

கரி விரலால் எழுத்தாணி பிடித்து அகோரமூர்த்தி எழுதினார்:

'பிரிமணை: பானைக்கு ஆசனம். பெரும்புலவருக்கு மகுடம்.'